1975 உலகக் கிண்ண ஹாக்கி: மலேசியா நான்காம் இடம் பிடித்த பதினைந்து நாள்கள்

உலகக் கிண்ண ஹாக்கியில் மலேசியா இதுவரை எட்டிய மிக உயர்ந்த இடம் நான்காவது. அது நடந்தது 1975 மார்ச் மாதம், நம் கோலாலம்பூரில். அரையிறுதியில் இந்தியாவுக்கு எதிராக இரண்டு முறை முன்னிலை பெற்ற நம் அணி, ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு கோலை விட்டுக்கொடுத்தது. பிறகு கூடுதல் நேரத்தில் 2-3 என்று தோற்றது. அணித்தலைவர் என். ஸ்ரீ சண்முகநாதன். அந்தப் போட்டியின் இறுதியாட்டத்தில் கிண்ணம் யாருக்கு என்பதைத் தீர்மானித்த கோலுக்கு விசில் ஊதிய நடுவர் ஜி. விஜயநாதன். இருவரும் மலேசியத் தமிழர்கள்.

எழுபதுகளின் காற்பந்து என்றால் மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம் என்று இன்றைய பிள்ளைகள்கூட பெயர் சொல்வார்கள். ஹாக்கி அணியின் பெயர்களைக் கேட்டால் பெரியவர்களே யோசிப்பார்கள். மகேந்திரன், பாலசிங்கம், பத்மராஜா, ராமகிருஷ்ணன், பிரான்சிஸ் என்று தமிழ்ப் பெயர்கள் நிறைந்த அணி அது. அப்படியிருந்தும் தோட்டப்புறத் தமிழர் வீடுகளில் அந்தப் பெயர்கள் காற்பந்துப் பெயர்களைப்போல் ஊறவில்லை. இதற்குக் காரணம் இருக்கிறது. அந்த அணி எப்படி உருவானது என்று பார்த்தால்தான் அது விளங்கும்.

பட்டணத்து விளையாட்டு

மலாயாவுக்கு ஹாக்கியைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். ராணுவ முகாம், கிளப், ஆங்கிலப் பள்ளி என்ற மூன்று வாசல்கள் வழியாகத்தான் அது உள்ளே வந்தது. கோலாலம்பூரில் சிலாங்கூர் கிளப்பின் முன்னால் இருந்த பாடாங், கிள்ளானில் நகரத் திடல், மற்ற ஊர்களில் அரசாங்க அலுவலகங்களுக்குப் பக்கத்தில் புல் வெட்டிச் சமப்படுத்திய திடல்கள் என்று அது பட்டணத்திலேயே தங்கிவிட்டது.

பட்டணத்தில் யார் இருந்தார்கள்? ரயில்வே, பொதுப்பணி இலாகா, கருவூலம், மருத்துவமனை, தபால் நிலையம் ஆகியவற்றில் வேலை செய்ய ஆங்கிலம் படித்த ஆட்கள் வேண்டியிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிகளில் படித்தவர்களையும், சென்னை மாகாணத்திலும் கேரளத்திலும் இருந்து வந்த படித்தவர்களையும் பிரிட்டிஷ் ஆட்சி அந்த வேலைகளில் அமர்த்தியது. பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் ரயில்வே குடியிருப்புகள் அப்படித்தான் நிரம்பின. போலீசிலும் காவல் வேலையிலும் பஞ்சாபியர் இருந்தனர். இவர்களோடு யூரேசியர், பட்டணத்துச் சீனர், ஆங்கிலப் பள்ளிக்குப் போன மலாய்க்காரர் என்று எல்லாரும் ஒரே திடலில் சந்தித்தார்கள். மாலை ஐந்து மணிக்கு அலுவலகம் விட்டதும் மட்டையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். மலேசிய ஹாக்கி தொடக்கத்திலிருந்தே எல்லா இனமும் கலந்த விளையாட்டாக இருந்ததற்கு இதுதான் காரணம். யாரும் திட்டம் போட்டுக் கலந்ததில்லை.

அதே பாதை தோட்டத்து வாசலோடு நின்றுபோனது. தோட்டத்தில் திடல் உண்டு. ஆனால் அது காற்பந்துத் திடல். ஒரே ஒரு பந்து இருந்தால் இருபத்திரண்டு பேர் ஆடலாம், காலில் சப்பாத்துகூட வேண்டியதில்லை. ஹாக்கிக்கு ஆளுக்கொரு மட்டை வேண்டும். முசுக்கொட்டை மரத்தில் செய்த அந்த மட்டைகள் அப்போது சியால்கோட்டிலிருந்தும் ஜலந்தரிலிருந்தும் வந்தன. பால்மரம் வெட்டிக் கூலி வாங்கும் குடும்பம் பிள்ளைக்கு அதை வாங்கித் தர முடியாது. பந்து கல்போல் இருக்கும், முழங்காலில் பட்டால் நாலு நாள் நொண்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் புல் ஒட்ட வெட்டிய, மேடுபள்ளம் இல்லாத திடல் வேண்டும். காற்பந்துக்குப் போதுமான திடலில் ஹாக்கிப் பந்து தாறுமாறாகத் துள்ளும்.

பள்ளியும் தடையாக இருந்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போனால் முதலில் ஓராண்டு ‘ரிமூவ்’ வகுப்பில் உட்கார வேண்டும். பள்ளி விட்டதும் தோட்டத்துக்குத் திரும்பும் லாரியைப் பிடிக்க வேண்டும். மாலைப் பயிற்சிக்குத் தங்கினால் வண்டி போய்விடும். பட்டணத்துப் பிள்ளை அந்த வயதுக்குள் நாலைந்து ஆண்டு மட்டை பிடித்திருப்பான். எனவே ‘ஹாக்கியில் தமிழர்கள் கொடிகட்டிப் பறந்தார்கள்’ என்று நாம் சொல்லும்போது அது பெரும்பாலும் பட்டணத்துத் தமிழரைப் பற்றிய பேச்சு என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். கிராணி வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த மட்டை லயத்துப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

மெல்பர்னிலிருந்து தெஹ்ரான் வரை

நாடு சுதந்திரம் அடைவதற்கு முன்பே மலாயா ஹாக்கி அணி ஒலிம்பிக் பார்த்துவிட்டது. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் மைக் ஷெப்பர்ட்சன் தலைமையில் ஆடிய மலாயா ஒன்பதாம் இடம் பெற்றது. அப்போது சிங்கப்பூர் தனி அணியாக வந்திருந்தது. அந்த அணியில் ஆடிய ஆறுமுகம் விஜயரத்தினத்தை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் 1921-ல் பிறந்தவர், ஹாக்கி, கிரிக்கெட், காற்பந்து, ரக்பி ஆகிய நான்கிலும் சிங்கப்பூருக்கு ஆடியவர். தொழிலில் துறைமுகப் பொறியாளர். பிற்காலத்தில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இணைவேந்தராகவும் இருந்தார். போர்ட் கிள்ளான் வாசகர்களுக்கு இந்தத் துறைமுகச் சம்பந்தம் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மலாயாவுக்கு வெண்கலம். 1964 தோக்கியோ, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்குகளிலும் அணி ஆடியது. 1972 மூனிக்கில் எட்டாம் இடம். 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் மீண்டும் வெண்கலம். ஆக, 1975-ல் நம் அணி திடீரென்று முளைத்த அணி அல்ல. ஏறக்குறைய இருபது ஆண்டு இடைவிடாமல் உலகத் திடல்களில் ஆடிப் பழகிய பரம்பரையின் விளைச்சல் அது.

உலகக் கிண்ணப் போட்டியோ அப்போது புத்தம் புதியது. முதல் போட்டி 1971-ல் பார்சலோனாவில் நடந்தது, பாகிஸ்தான் வென்றது. இரண்டாவது 1973-ல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டல்வீனில். இறுதியாட்டத்தில் இந்தியாவைப் பெனால்டி அடிகளில் வென்று நெதர்லாந்தே கிண்ணத்தை வைத்துக்கொண்டது. மூன்றாவது கோலாலம்பூருக்கு வந்தது. ஆசிய மண்ணில் நடந்த முதல் உலகக் கிண்ண ஹாக்கி அதுதான். நம் நாட்டில் அந்த விளையாட்டுக்கு மேலிடத்தில் செல்வாக்கு இருந்தது. அன்றைய பிரதமர் துன் அப்துல் ரசாக் ஹாக்கி ஆர்வலர். மாநிலங்களுக்கிடையே நடக்கும் கிண்ணப் போட்டி இன்றும் அவர் பெயரில்தான் நடக்கிறது. அப்போது நீதிபதியாக இருந்து பின்னாளில் பேராக் சுல்தானாகவும் மாமன்னராகவும் ஆன ராஜா அஸ்லான் ஷா ஹாக்கி நிர்வாகத்தின் முக்கியத் தூண்.

ஹோ கோ சாய் கட்டிய அணி

பயிற்றுநர் ஹோ கோ சாய். கோல்காவலராக ஒலிம்பிக் ஆடியவர். கோல்கம்பத்துக்கு முன்னால் நின்று ஆடியவருக்கு மொத்தத் திடலும் தெரியும் என்பார்கள். கோல்காவலர் கைருடின் ஜைனால், ஸ்ரீ சண்முகநாதன், பிரான்சிஸ், பாலசிங்கம், வோங் சூன் ஹின், பூன் ஃபூக் லோக், மகேந்திரன், பத்மராஜா, ராமகிருஷ்ணன், ஃபாங் போ மெங், அஸ்ராய் ஜைன், ஃபிராங்கோ டி குருஸ் என்று அவரது ஆட்டக்காரர்களின் பெயர்களைப் படித்தாலே நாட்டின் மக்கள்தொகைப் பதிவேடு மாதிரி இருக்கும்.

1969 மே கலவரம் நடந்து ஆறு ஆண்டுகூட முடியவில்லை. இந்தியர்களைப் பொறுத்தவரை இன்னொரு காயமும் ஆறாமல் இருந்தது. 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டியிருந்தது. இங்கேயே பல ஆண்டு உழைத்தும் சிவப்பு அடையாள அட்டையோடு நின்ற தோட்டத் தொழிலாளர்கள் பலர் வேலையிழந்தனர். பெட்டி படுக்கையோடு போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பலேறித் தமிழகம் திரும்பியவர்களை நம் வட்டாரத்துப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் துறைமுகத்துக்கு 1972-ல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது. மூன்றாண்டு கழித்து நாட்டின் சின்னத்தை நெஞ்சில் அணிந்து இந்தியாவுக்கு எதிராக அணியை நடத்திச் சென்றவர் ஒரு தமிழர். இரண்டும் ஒரே காலத்தில் நடந்தவை. ஒன்றை நினைக்கும்போது மற்றதையும் சேர்த்து நினைப்பதுதான் நியாயம்.

மார்ச் 1: பந்து உருளத் தொடங்கியது

பன்னிரண்டு நாடுகள், இரண்டு குழுக்கள். மலேசியாவின் குழுவில் பாகிஸ்தான், நெதர்லாந்து, ஸ்பெயின், நியூசிலாந்து, போலந்து. மற்றக் குழுவில் இந்தியா, மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, அர்ஜென்டினா, கானா. ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்கே அரையிறுதி. பாகிஸ்தானையும் நடப்பு வெற்றியாளர் நெதர்லாந்தையும் ஒரே குழுவில் வைத்திருந்ததால், மலேசியாவுக்கு ஐந்தாம் அல்லது ஆறாம் இடம் கிடைத்தாலே போதும் என்றுதான் கணக்குப் போட்டிருக்க முடியும்.

மெர்டேக்கா அரங்கத்தோடு, பந்தாய் பகுதியில் மின்சார வாரியத்தின் கிலாட் கிளப் திடலும் இந்தப் போட்டிக்குப் பயன்பட்டது. கிலாட் என்றால் மலாயில் மின்னல், மின்சார வாரியத்துக்குப் பொருத்தமான பெயர்தான். பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்களுக்கு அது பக்கத்துத் திடல்.

அன்றைய ஆட்டம் இன்றைய ஆட்டத்தைப்போல் இல்லை. இப்போது பதினைந்து நிமிடங்களாக நான்கு கால்பகுதி, அப்போது முப்பத்தைந்து நிமிடங்களாக இரண்டு பாதி. ஆட்டக்காரர்களை இஷ்டம்போல் மாற்ற முடியாது. ஆஃப்சைடு விதி இருந்தது. பெனால்டி கார்னரில் ஒருவர் பந்தைத் தள்ள, இன்னொருவர் கையால் தரையோடு அமுக்கி நிறுத்த, மூன்றாமவர் ஓடிவந்து அடிப்பார். எல்லாம் புல்தரையில். புல்லில் பந்து நேராக வராது. வந்த பந்தை அடக்கி, மட்டையோடு ஒட்டவைத்து, எதிரியை ஏமாற்றி நகர்த்துவதுதான் திறமை. இந்தியாவும் பாகிஸ்தானும் வளர்த்த பாணி அது. நம்மவர்களும் அந்தப் பாணியில் பழகியவர்கள்.

குழு ஆட்டங்களின் உச்சம் நெதர்லாந்துக்கு எதிரான ஆட்டம். நடப்பு வெற்றியாளரை மலேசியா 2-1 என்று வீழ்த்தியது. குழுவில் பாகிஸ்தானுக்கு அடுத்து இரண்டாம் இடம். நெதர்லாந்து கிண்ணத்தைத் தக்கவைக்கும் வாய்ப்பை இழந்தது. மலேசிய ஹாக்கி வரலாற்றில் ஒரே ஒரு வெற்றியைப் பொறுக்கி எடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன். ஆசிய விளையாட்டுப் பதக்கங்களுக்கு மேலாகவும் இதை வைப்பேன்.

இந்தியாவின் பாதையும் சுலபமாக இல்லை. இங்கிலாந்தை 2-1 என்று வென்றது, ஆஸ்திரேலியாவுடன் 1-1, கானாவை 7-0 என்று நொறுக்கியது. அடுத்து யாரும் எதிர்பாராமல் அர்ஜென்டினாவிடம் 1-2 என்று தோற்றது. கடைசி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியை 3-1 என்று வென்றுதான் அரையிறுதிக்குள் வந்தது. ஆக, அரையிறுதியில் மலேசியாவுக்கு எதிரி இந்தியா, பாகிஸ்தானுக்கு எதிரி மேற்கு ஜெர்மனி. நான்கில் மூன்று ஆசிய அணிகள்!

மழையும் ஹெலிகாப்டரும்

மார்ச் மாதத்துக் கோலாலம்பூர் மழையை நமக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மதியம் வரை வெயில் கொளுத்தும், மூன்று மணிக்கு வானம் உடையும். அரையிறுதிக்கு முன் கொட்டிய மழையில் புல்தரை சேறாகிவிட்டது. திடலை உலர்த்த ஹெலிகாப்டரைக் கொண்டுவந்து தாழப் பறக்கவிட்டார்கள். அந்தக் காற்றில் தண்ணீர் வற்றட்டும் என்று ஏற்பாடு. அன்று ஆடிய இந்திய வீரர்கள் பிற்காலத்தில் பேசும்போது இந்த ஹெலிகாப்டரைத் தவறாமல் சொல்வார்கள்.

இந்திய அணியின் தலைவர் அஜித்பால் சிங். மேலாளர் மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற பல்பீர் சிங். தியான் சந்தின் மகன் அசோக் குமார், முன்னணியில் ஹர்சரண் சிங், கோவிந்தா, சிவாஜி பவார் என்று பெரிய பெயர்கள். வலது முனையில் ஆடும் வி.ஜே. பிலிப்ஸ் தமிழ்நாட்டுக்காரர். இரண்டு பக்க அணிப் பட்டியலிலும் தமிழர் பெயர் இருந்தது. திடலைச் சுற்றி இருந்த நம்மவர்களுக்கு யார் பக்கம் கைதட்டுவது என்ற சங்கடம் வந்திருக்குமா? தாத்தா பாட்டிக்கு ஒருவேளை வந்திருக்கலாம். பேரப்பிள்ளைகளுக்கு சண்முகநாதன் இருக்கும் பக்கம்தான் நம் பக்கம்.

மலேசியா முதலில் கோல் போட்டது. இந்தியா சமன்செய்தது. மலேசியா மறுபடியும் முன்னே போனது. 2-1. அதன்பிறகு நேரம் ஓட ஓட இந்தியர்களுக்குப் பதற்றம். அறுபது நிமிடம் தாண்டிவிட்டது, இன்னும் பத்து நிமிடம் தாக்குப்பிடித்தால் மலேசியா உலகக் கிண்ண இறுதியாட்டத்தில்.

இந்த இடத்தில் அஸ்லாம் ஷேர் கான் வருகிறார். போபாலைச் சேர்ந்த தற்காப்பு ஆட்டக்காரர், அதுவரை பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். மைக்கேல் கிண்டோவுக்குப் பதிலாக அவரை இறக்கினார்கள். 65-ஆவது நிமிடம் இந்தியாவுக்கு ஒரு பெனால்டி கார்னர். கழுத்தில் கட்டியிருந்த தாயத்தை எடுத்து முத்தமிட்டார் அஸ்லாம், ஓடிவந்து அடித்தார். கோல். 2-2. அந்தத் தாயத்து முத்தம் இந்திய ஹாக்கியில் இன்றும் பேசப்படும் கதை. நமக்கோ அது தொண்டையில் சிக்கிய முள்.

கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் மூன்றாவது கோலைப் போட்டார். 3-2. ஆட்டம் முடிந்தது.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனி மலேசியாவை 4-0 என்று வென்றது. அந்த எண்ணிக்கையை வைத்து அணியை எடைபோடக் கூடாது. சேற்றுத் தரையில் கூடுதல் நேரம் வரை ஓடி, இறுதியாட்டத்தை ஐந்து நிமிடத்தில் கைநழுவவிட்டவர்கள் மறுபடியும் மட்டையைப் பிடித்து இறங்கியதே பெரிது.

விஜயநாதனின் விசில்

மார்ச் 15, சனிக்கிழமை. மெர்டேக்கா அரங்கம். இந்தியா, பாகிஸ்தான். இரு நாடுகளும் போர்க்களத்தில் மோதி மூன்றேகால் ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்த ஆட்டத்துக்கு நடுவராக நிற்பது எளிய காரியமா? நின்ற இருவரில் ஒருவர் நம் நாட்டின் ஜி. விஜயநாதன்.

பாகிஸ்தானுக்காக ஜாஹித் ஷேக் முதல் கோல் போட்டார். இரண்டாம் பாதியில் சுர்ஜித் சிங் பெனால்டி கார்னரில் சமன்செய்தார். அடுத்து, 51-ஆவது நிமிடத்தில் அசோக் குமார் அடித்த பந்து கோல்கம்பத்தின் உட்பக்கத்தில் பட்டு வெளியே தெறித்து வந்தது. பந்து கோல்கோட்டை முழுதாகத் தாண்டியதா இல்லையா?

இன்று என்றால் காணொளி நடுவரிடம் கேட்கலாம், நாலு கோணத்தில் ஓட்டிப் பார்க்கலாம். அன்று விஜயநாதனிடம் இருந்தது ஒரு ஜோடிக் கண், ஒரு விசில். கோல் என்றார். பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் சூழ்ந்துகொண்டு வாதாடினார்கள், அவர் தீர்ப்பை மாற்றவில்லை. 2-1 என்று இந்தியா வென்றது. உலகக் கிண்ண ஹாக்கியை இந்தியா வென்றது அந்த ஒரே முறைதான். இன்றுவரை அந்தக் கோலைப் பற்றி எழுதும் இந்தியரும் பாகிஸ்தானியரும் விஜயநாதன் பெயரைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. அவர் ஊரிலோ அந்தப் பெயர் பலருக்குத் தெரியாது.

நடுவர் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆடி முடித்த பட்டணத்துத் தமிழர்கள் பலர் பள்ளி ஆசிரியராகவோ அரசு ஊழியராகவோ இருந்துகொண்டு, வார இறுதியில் விசிலை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போவார்கள். வெயில், திட்டு, கைக்காசில் பஸ் டிக்கெட். ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதுகிற அளவுக்கு இவர்களைப் பற்றி நாம் எழுதியதில்லை.

புல் போனது

1976 ஜனவரியில் துன் ரசாக் காலமானார். அதே ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. மலேசியாவுக்கு எட்டாம் இடம். உலகக் கிண்ணத்தோடு போன இந்தியாவுக்கு ஏழாம் இடம். தங்கம் நியூசிலாந்துக்கு, வெள்ளி ஆஸ்திரேலியாவுக்கு. கோலாலம்பூரில் அரையிறுதியில் மூன்று ஆசிய அணிகள் நின்று பதினாறு மாதம்தான் ஆகியிருந்தது.

செயற்கைத் தரையில் பந்து துள்ளாது, நேராக, வேகமாக ஓடும். பந்தை அடக்கி ஏமாற்றும் கைவித்தைக்கு மதிப்புக் குறைந்தது. நீண்ட தூரம் அடித்து ஓடும் உடல்வலுவுக்கு மதிப்புக் கூடியது. பணக்கார நாடுகள் ஊருக்கு ஊர் அந்தத் தரையைப் போட்டன. இங்கே தலைநகரில் ஒன்று வந்தது, பிறகு மாநிலத் தலைநகரங்களில் வந்தன. ஆடுவதற்கு முன் தண்ணீர் தெளிக்க வேண்டிய தரை அது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும். ஒரு சாதாரணப் பள்ளிக்கு இது கட்டுப்படியாகாது.

விளைவு என்ன? முன்பு ஆங்கிலப் பள்ளித் திடலில் தினமும் மட்டை பிடித்த பிள்ளை மாநில அணிக்குப் போகலாம், ஏனென்றால் நாட்டு அணி ஆடுவதும் அதே புல்லில்தான். தரை மாறியதும் அந்தச் சங்கிலி அறுந்தது. பள்ளியில் புல், போட்டியில் செயற்கைத் தரை. தோட்டத்திலிருந்து ஹாக்கிக்கு இருந்த தூரம் ஏற்கெனவே அதிகம், இப்போது பட்டணத்துப் பிள்ளைக்கும் தூரம் வந்துவிட்டது. எழுபதுகளிலிருந்து ஆங்கிலப் பள்ளிகள் தேசியப் பள்ளிகளாக மாறின. அரசாங்க வேலையில் நம்மவர் எண்ணிக்கையும் பழையபடி இல்லை. ரயில்வே குடியிருப்புகள் காலியாகின. ஹாக்கி தமிழர்களை உருவாக்கிய உலகமே கலைந்தது. திறமை குறைந்ததால் நம்மவர்கள் அணியில் குறைந்தார்கள் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏணியை எடுத்துவிட்டு ஏறவில்லையே என்று கேட்பது மாதிரி அது.

இன்னொரு பக்கமும் உண்டு. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனையாகவும் மாறியபோது தோட்டத்துப் பிள்ளைகள் பட்டணத்துக்கு வந்தார்கள். கிள்ளான், ஷா ஆலாம் பக்கத்துத் தாமான்களில் வளர்ந்த தலைமுறைக்குத் தாத்தாவுக்கு எட்டாத திடல் பஸ் தூரத்தில் வந்தது. ஆனால் வந்த நேரத்தில் அது புல்திடலாக இல்லை.

தமிழர் பெயர் அணியிலிருந்து முற்றாக மறையவும் இல்லை. பெனால்டி கார்னர் அடிப்பதில் பேர்போன குகன் சண்முகநாதன், கோல்காவலர் எஸ். குமார் ஆகியோர் நெடுங்காலம் ஆடினார்கள். 2002-ல் உலகக் கிண்ணம் மறுபடியும் கோலாலம்பூருக்கு, புக்கிட் ஜாலில் அரங்கத்துக்கு வந்தது. நம் அணிக்கு எட்டாம் இடம். ஒலிம்பிக்கில் மலேசிய ஹாக்கி அணி கடைசியாக ஆடியது 2000 சிட்னியில். உலகக் கிண்ண அரையிறுதியை 1975-க்குப் பிறகு மலேசியா பார்க்கவில்லை.

ஆனால் இந்தியாவோடு ஒரு கணக்கு மிச்சம் இருந்தது. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டு அரையிறுதியில் கூடுதல் நேரத்தில் மலேசியா 4-3 என்று இந்தியாவை வென்று முதன்முறையாக வெள்ளி உறுதிசெய்தது. எட்டு ஆண்டு கழித்து 2018 ஜகார்த்தாவில் மறுபடியும் அரையிறுதி, மறுபடியும் இந்தியா. இந்த முறை 2-1 என்று முன்னால் நின்றது இந்தியா. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது பெனால்டி கார்னரில் ரஸி ரஹிம் சமன்செய்தார். வெற்றி தோல்வி ஷூட்அவுட்டுக்குப் போனது. மலேசியா 7-6. இந்தியாவின் கடைசி முயற்சியைத் தடுத்து நிறுத்தியவர் முப்பத்தெட்டு வயதைக் கடந்த எஸ். குமார்.